துறைப் பலகை

மச்சான்,

இன்று காலை நம் லிட்கம் மீன்கடைக் கதவில் தொங்கும் பலகையைத் திருப்பக் கை வரவில்லை. ஒரு பக்கம் ‘திறந்திருக்கிறது’, மறுபக்கம் ‘மூடியிருக்கிறது’ என்று நீ எழுதித் தொங்கவிட்ட அதே பலகை. வெளியே இரண்டு பேர் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நாளை உன் ஆண்டுப் பூசை. நேற்று உன் மனைவி கடைக்கு வந்து மறுபடியும் அதையே கேட்டாள்.

“அண்ணை, அவர் கனநேரம் தவிச்சவரோ? போட் கெதியா வந்ததுதானே?”

“ஓம் தங்கச்சி, உடனே வந்தது.”

முந்தாநாள் மீனை இன்றைய மீன் என்று விற்றவன் நான். பொய் எனக்குப் புதிதல்ல. இந்தப் பொய் மட்டும் ஒரு வருடமாக எனக்குள் நாறுகிறது.

ஸ்கொட்லாந்துக்கு நாம் போனது உன் மகளின் பட்டமளிப்புக்கு. மறுநாளே ஏரி நடுவில் இருந்த அந்தச் சின்னத் தீவுக்கு என்னை இழுத்துப் போனாய். ஒரு ராணியைச் சிறைவைத்த கோட்டை. கூரை இல்லை; சுவரும் காகமும்தான்.

“இதுக்கு டிக்கெட் வேறயா? எங்கட மன்னார்க் கோட்டை இதைவிடப் பெரிசு” என்றேன்.

“நீ என்னை முப்பது வருசமாக் கடைக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறாய். ராணியை ஒரு வருசம்கூட இல்லையாம். ஆர்ரா பாவம்?” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்போடேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாய்.

போனில் சிக்னல் இல்லை. படகுக்காரர் இறக்கிவிடும்போதே சொல்லியிருந்தார்: துறையில் நிற்கும் பலகையின் வெள்ளைப் பக்கம் கரைக்குத் தெரிந்தால் வருவேன், கறுப்பு தெரிந்தால் வரமாட்டேன் என்று.

“பலகையைத் திருப்பிப்போட்டு வா மச்சான்” என்றாய். ஓடினேன். தினமும் கடை திறக்கும்போது பாராமலே பலகையைத் திருப்பிய கை, அங்கேயும் பாராமலே திருப்பியது. தீவில் உலாவிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தாங்கள் கரைக்குத் திரும்ப, ஏற்கெனவே அதை வெள்ளைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். நான் அதைக் கறுப்பாக்கிவிட்டு உன்னிடம் ஓடி வந்து, “வாறான், வாறான்” என்றேன்.

முக்கால் மணித்தியாலம் உன் தலை என் மடியில் கிடந்தது.

“திருப்பினனியாடா?” என்று இரண்டு தரம் கேட்டாய். இரண்டு தரமும் “ஓம்” என்றேன். அது பொய்யில்லை, மச்சான். மூன்றாம் தரம் நீ கேட்கவில்லை.

படகு ஏன் வரவில்லை என்று பார்க்கப் போன அந்தத் தம்பதிதான் மறுபடியும் திருப்பினார்கள். படகு நேரத்துக்கு வந்திருந்தாலும் நீ பிழைத்திருப்பாய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். என் பாரத்தை அது தாங்கவில்லை.

நாளை பூசையில் உன் மனைவிக்குப் பக்கத்தில் நின்று நற்கருணை எடுக்க என்னால் ஏலாது. இப்போதே கிரவீனில் உன் வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லப் போகிறேன். அவள் கதவைச் சாத்தலாம். உன் மகள் இனி என் முகத்தில் விழிக்காமல் விடலாம். நீ போன பிறகு எனக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். தெரிந்தேதான் போகிறேன்.

கடைப் பலகையில் ‘மூடியிருக்கிறது’ வெளியே தெரிகிறது. திருப்ப வேண்டியதில்லை. ஆனாலும் பூட்டிவிட்டுத் தெருவில் நின்று அதைப் பார்ப்பேன். நாலு கடை தள்ளி நடந்தபின் திரும்பி வந்து, இன்னொரு தரமும் பார்ப்பேன்.