சுவருக்குள் இருந்த படிக்கட்டு

அன்பு மகள் இமோஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம்தான், பனி விழுந்தால் அவர் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நியூசிலாந்தில் இப்போது நல்ல கோடை, குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே.

நம் தேவாலயத்துப் படிக்கட்டைக் கண்டுபிடித்ததற்காக ஃபிலிப்பா காரடுக்கு நீ பாராட்டு எழுதினாயாமே. ஊர் வலைப்பக்கத்தில் அவள் படத்தைப் பார்த்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "உங்க பொண்ணு எவ்வளவு அழகா எழுதியிருக்கா ஹெஸ்டர்" என்று எல்லார் முன்னாலும் அதை வாசித்தே காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் நின்றேன், வயிறு எரிந்தது. நடந்ததை என்னிடமும் கேட்டுக்கொள். வடக்குச் சுவர் வெளிப்பக்கம் ஓரிடத்தில் கர்ப்பிணி வயிறு மாதிரிப் புடைத்திருக்குமே, அது எதற்கு என்று நீ சின்னப் பெண்ணாக இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வளைவில் அந்தக் காலத்தில் ஒரு மரப்பரண் இருந்தது, அதற்கு ஏறும் படி அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது, பரணைப் பிரித்தவர்கள் வாசலையும் அடைத்துப் பூசிவிட்டார்கள் என்று. பாதிரியார் டில்னி காதில் போட்டுக்கொண்டதே இல்லை, "அது சுவர் சாயாம இருக்கக் கொடுத்த முட்டு, விடுங்க ஹெஸ்டர்" என்பார். போன வருஷம் லண்டனிலிருந்து குடிவந்த ஃபிலிப்பா இதையெல்லாம் கேட்டது என் சமையலறையில், நான் சுட்ட இஞ்சிக் கேக்கைத் தின்றுகொண்டே. அவள் போய்ச் சொன்னதும் அதே டில்னிக்கு அது அருமையான யோசனையாகிவிட்டது. அனுமதி வாங்கி, கொத்தனார்கள் பூச்சைத் தட்டினால், உள்ளே என் படி, ஏறி இறங்கிய கால்களில் நடுவே குழிந்துபோய்.

திறப்பு நாளில் முதலில் ஏறும் மரியாதையும் அவளுக்குத்தான். யாரும் கூப்பிடாமலே நான் பின்னால் ஏறினேன். தோளை ஒடுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறினால் மேலே ஒரு வாசல், அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது, பரண்தான் இல்லையே, நேரே அந்தரம். குறுக்கே ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். கீழே ஊரே அண்ணாந்து பார்த்தது. கையசைத்தவள் தரையைப் பார்த்துவிட்டாள், தலை சுற்றி அப்படியே முன்னால் சாய, கயிறு அவிழ்ந்துகொண்டது. அவள் கோட்டு இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் அவள்மேல் எனக்கு எந்தக் காய்ச்சலும் இல்லை, விட்டுவிடக் கூடாது என்பதுதான். இழுத்துக் கீழே கொண்டுவந்தேன். அவள் எல்லாரிடமும் சொன்னாள், "ஹெஸ்டர் இல்லேன்னா நான் இன்னிக்குப் பொணம். இந்தப் படியும் அவங்க கண்டுபிடிச்சதுதான், நான் சத்தமாச் சொன்னேன், அவ்வளவுதான்." இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். என்ன ஆயிற்று தெரியுமா, எவ்வளவு பெரிய மனசு என்று கண்கலங்கி ஊரே அவளைத்தான் கட்டிப்பிடித்தது. டில்னி என் பக்கம் திரும்பி, தேநீர் தயாரா என்று கேட்டார். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணிபோலக் காக்கட்டும். குழந்தைக்குப் பாட்டியின் முத்தம். ஈஸ்டருக்கு வருவதாக இருந்தால் சீட்டை இப்போதே எடுத்துவிடு. வந்ததும் அந்தப் படியில் உன்னை நானே ஏற்றிக் காட்டுகிறேன். என்றைக்கு வருகிறாய் என்று ஃபிலிப்பா கேட்டால், இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவை.

உன் அம்மா,
ஹெஸ்டர் லார்வுட்