தூக்குவதா, குறைப்பதா

சித்தி,

அம்மா இன்று கடையிலிருந்து வேர்க்குரு பவுடர் வாங்கி வந்தாள். டப்பாவைத் திறந்ததும் வீட்டுக்குள் நீ வந்துவிட்டாய். மூடிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு வரி ஏறவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். “கால்ல என்னா சக்கரமாடி கட்டியிருக்கு?” என்று அம்மா கத்தினாள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை கிடக்கட்டும், உனக்கே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பவுடரை நீ முகத்துக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. உப்பளத்திலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மார்புக்கு அடியில் கொட்டிக்கொள்வாய். பாரம் தாங்காமல் தொங்கிய மார்பின் மடிப்பில் வேர்வையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து புண்ணாக்கி வைத்திருந்தன. பாடியின் பட்டை இரண்டு தோளிலும் பள்ளம் பறித்திருந்தது. லீவு நாளில் நான் கூட வந்தால், பாத்தியில் உப்பு வாரிவிட்டு நிமிரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாய்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு உன்னோடு நானும் வந்தேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “ரெண்டு விதமா செய்யலாம்மா. தளர்ந்த தோலை எடுத்துட்டு மார்பை மேல தூக்கித் தைக்கலாம். புண்ணு ஆறும். பால் கொடுக்கிறதுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனா பாரம் அப்படியே இருக்கும். இல்லன்னா உள்ள இருக்கிற சதையையும் குறைக்கலாம். முதுகுவலி, தோள்வலி குறையும். பின்னாடி பால் சுரக்குமா, அது சந்தேகம்தான். யோசிச்சு வந்து சொல்லுங்க.”

யோசிக்க உன்னை எங்கே விட்டார்கள்? கல்யாணமாகி இத்தனை வருஷம் குழந்தை இல்லாத வீட்டில், பிறக்காத குழந்தையின் பசிதான் பெரிய பேச்சாக இருந்தது. “நாளைக்கே ஒண்ணு பொறந்தா பாலுக்கு எங்க போறது?” என்றாள் உன் மாமியார். “தூக்கித் தைக்கச் சொல்லு, போதும். குறைக்கிறதெல்லாம் வேணாம்” என்று சித்தப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். அளத்தில் மற்றவர்களைக் குனியச் சொல்கிற கங்காணி அவர். அவர் குனிந்து நான் பார்த்ததே இல்லை. “அளம் உங்களுது, சரி. அளவுமா?” என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளத்துக்கு இரண்டு துணிப்பை கொண்டுபோனேன். ஈர உப்பை நிரப்பி, துண்டின் இரண்டு முனையிலும் கட்டினேன்.

“சித்தப்பா, இதக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஒரே ஒரு பாத்தி வாரிடுங்க பாப்போம். பந்தயம்.”

“போடி, வேலையப் பாரு.”

“ஏம்பா, கங்காணி பயப்படுறாருப்பா!” என்று லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கூவினார்கள். அவருக்கு அது போதும். மாட்டிக்கொண்டார்.

பாதிப் பாத்திகூட முடியவில்லை. பை இரண்டும் முன்னால் இழுக்க, உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு இடுப்பைப் பிடித்தார். நான் ஓடிப்போய்த் துண்டைக் கழுத்துக்குப் பின்னால் இழுத்து முடிந்தேன். வயிற்றில் ஆடிய பைகள் மார்புக்கு ஏறின.

“இப்ப தூக்கியாச்சு சித்தப்பா. பாரம் எவ்ளோ குறைஞ்சுது?”

ஆம்பளைகள் சிரித்தார்கள். வாரிக்கொண்டிருந்த பொம்பளைகள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தார்கள். ஓங்கிய கையை அவர் இறக்கிக்கொண்டார். துண்டைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு, பாத்தியில் நின்ற உன்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்கு உன்னோடு அவரும் வந்து நின்றார். மாமியார் பால் பாட்டை விடவில்லை. நான்தான் கேட்டேன்: “சித்தி, நீ என்ன சொல்லப் போற?”

“கொறைக்கத்தான். நிமிந்து நடக்கணும்டி எனக்கு.” சித்தப்பா பக்கம் திரும்பி, “புள்ள பொறந்தா உங்கம்மா மாட்டுப்பால் காய்ச்சட்டும்” என்றாய். பஸ் வந்தது. அவரே முதலில் ஏறி டிக்கெட் எடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி வந்துவிட்டாய். அப்புறம் மழைக்காலத்தில் விறகு பொறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துப் போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்தபோதே ஒருத்தி சொன்னாள்: “சாவப் போறவளுக்கு இது எதுக்கு? வீணா அறுத்துக்கிட்டா.” இன்னொருத்தி ஆமாம் போட்டாள். எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. அதுதான் சித்தி, இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன், கேள்.

நீ ஆறி வந்த பிறகு, ஆடியில் கீழ்புத்துப்பட்டுக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோமே, நாம் ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முன்பெல்லாம் நீ முந்தானையை மாரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “போவட்டும், அடுத்தது வரும்” என்பாய். அன்றும் அப்படித்தான் என்று நான் நின்றுவிட்டேன். பார்த்தால், நீ புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாய்! பஸ்ஸைத் தட்டுகிறாய். கண்டக்டரைத் திட்டுகிறாய். படியில் தொற்றிக்கொண்டு கையை நீட்டுகிறாய். “ஏறுடி கழுத! வயசுப் பொண்ணு, ஓடத் தெரியல?”

உன் கையைப் பிடித்து ஏறினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.