தேய்க்காத டாலர்

செல்விக்கு,

ஐசலினில் உன் அண்ணன் வீட்டுப் பக்கம் குளிர் விட்டதா? இங்கே ஃபிரிஸ்கோவில் நான் ஒரு வேளைதான் சமைக்கிறேன்.

சனிக்கிழமை ஆலனில் பழைய நாணயக் கண்காட்சிக்குப் போனேன். வேலை போனவனுக்கு வெள்ளி டாலர் எதற்கு என்று கேட்பாய். ஒன்றே ஒன்று வாங்கத்தான் போனேன். பளபளவென்று தேய்த்த பழைய டாலர்களைத் தனித் தட்டில் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். தேய்த்தால் நாணயத்தின் மதிப்புப் போய்விடும் என்று சேகரிப்பவர்கள் அவற்றைத் தொடுவதில்லை.

தை வெள்ளிக்கிழமைப் பூஜைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த ஐந்து வெள்ளி டாலர்களையும் நீ திருநீறு போட்டுத் தேய்த்தாயே, அதே பளபளப்பு. "அறிவிருக்கா உனக்கு? மொத்த வேல்யூவும் போச்சு!" என்று, வந்திருந்த உன் அண்ணன் முன்னால் கத்தினேன்.

"வெள்ளி கறுத்துக் கிடக்கக் கூடாதுன்னுதாங்க தேய்ச்சேன்" என்றாய். மறுநாள் அவரோடு கிளம்பிவிட்டாய்.

கையிலிருந்த காசுக்குத் தேய்த்ததில் இரண்டு கிடைத்திருக்கும். நான் நன்றாகக் கறுத்துப்போன ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கி வந்தேன்.

பூஜைத் தட்டில், திருநீற்று டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான் தேய்க்கப் போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து நீ தேய்.

உன் வீட்டுக்காரன்