வீரமணிக்கு ஒரு பக்கம்

மாரண்டஹள்ளி,
14.09.2025.

மதிப்பிற்குரிய டாக்டர் சுசித்ரா அக்கா அவர்களுக்கு,

கோகிலவாணி எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம். இங்கிலாந்தில் உங்கள் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நடக்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். படி ஏறும்போது அவசரப்படாதீர்கள்.

உங்கள் செய்தி வந்து இருபது நாளாகிவிட்டது. மருத்துவக் கல்லூரியில் உங்கள் வகுப்பில் படித்தவர்கள் பற்றி நினைவு மலர் போடுவதாகவும், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்றும், என் வீட்டுக்காரர் வீரமணியின் பக்கத்துக்கு விவரம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மேற்படிப்பு, பதவி, விருது என்ற மூன்றையும் போனில் நிரப்பப் பார்த்தேன். மூன்றிலும் எழுத ஒன்றுமில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்குப் பேனா இருந்தால்தான் பேச்சு வருகிறது.

அவர் போய் ஏழு மாதமாகிறது. அன்று காலை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, மார்பு அடைக்கிறது என்று உட்கார்ந்தார். தனக்கு என்னவென்று அவருக்கே தெரிந்துவிட்டது. பாலக்கோடு போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

செய்தியின் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், "என் மேல் அவனுக்குக் கோபம் இருந்ததா?" என்று. நீங்கள் எதை நினைத்துக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். 2008இல் சென்னையில் எல்லாரும் கூடியபோது மேடையில் மைக்கைப் பிடித்து, "எங்கள் வகுப்பிலேயே வீணாய்ப்போன முதல் மார்க் இவன்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் முகம் எரிந்தது.

ஆனால் அக்கா, நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் பகல் பஸ்ஸில் வரும்போது, வேலூர் தாண்டியதும் நான் அவரிடம், "அவங்க சொன்னதுல என்ன தப்பு? கிடைச்ச சர்ஜரி சீட்டை விட்டுட்டு இந்தக் காட்டுல உக்காந்துகிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து மனசில் இருந்தது. நான் மாரண்டஹள்ளியில் பள்ளிக்கூடம், அவர் ஏரியூருக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன சுகாதார நிலையத்தில். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். பதின்மூன்று வருடம் அப்படியே போயிருந்தது.

அப்போதுதான் அவர் சின்னம்மாளைப் பற்றிச் சொன்னார்.

1993ஆம் வருடம், எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு. நான் அண்ணன் என்று கூப்பிடும் மாதையனுடைய மனைவி சின்னம்மாளுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. தன்னால் நிறுத்திவிட முடியும் என்று இவர் ஒரு மணி நேரம் போராடியிருக்கிறார். அப்புறம் ஜீப் பிடித்து தர்மபுரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பென்னாகரம் வருவதற்குள் அந்தப் பெண் இவர் கைமேலேயே போய்விட்டாள். இருபத்திரண்டு வயது.

திரும்பி வந்ததும் மாதையன் அண்ணனிடம் நேராகப் போய், "ஒரு மணி நேரம் முன்னாடியே நான் அனுப்பியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்று சொல்லியிருக்கிறார். கூட இருந்த நர்ஸ் தங்கம்மாள் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. அடி விழும் என்றுதான் நினைத்தாராம். மாதையன் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, "பாப்பாவுக்குப் பாலுக்கு என்னங்க பண்றது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அதைச் சொல்லும்போது பஸ்ஸில் அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாதையன் அண்ணன் அப்படிக் கேட்டதும் வார்டுக்குள் போய், இரண்டு நாள் முன்பு பிரசவமான ஒருத்தியிடம் பாப்பாவுக்குப் பால் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். அவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாளாம்.

சர்ஜரி படிப்பில் சேர வேண்டிய நாள், சின்னம்மாள் இறந்த பத்தொன்பதாம் நாள். "போகக் கூடாதுன்னெல்லாம் இல்ல. பெட்டி கட்டிட்டேன். அந்த மாசம் மூணு பேருக்குப் பிரசவத் தேதி இருந்துச்சு, எனக்குப் பதிலா யாரையும் போடல. அதான்" என்றார். அடுத்த மாதமும் நாலு பேருக்குத் தேதி இருந்திருக்கும். இப்படியேதான் அவருடைய மேற்படிப்பு போயிற்று.

அந்தச் சுகாதார நிலையத்தின் சுவரில் அவர் எழுதி ஒட்டிய தாளை நான் பிறகு போய்ப் பார்த்தேன். மாசமாக இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயர், அவள் ரத்த வகை, அதே வகை ரத்தமுள்ள இரண்டு பேர், வண்டி வைத்திருக்கும் ஒருவர். பஸ் கண்டக்டர், மளிகைக்கடைக்காரர், சர்ச் ஃபாதர் எல்லார் பெயரும் அதில் இருந்தது. இறுதிச் சடங்கு அன்று தங்கம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சின்னம்மாளுக்கு அப்புறம் டாக்டர் இருந்த வரைக்கும் ஒரு தாயும் போவலைங்க டீச்சர்" என்றார். இவர் ஒருநாளும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் பெருமையாகிவிடும் என்று நினைத்திருப்பார்.

அந்தக் குழந்தை பூவிழி வளர்ந்து, பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். 2016இல் அவளுக்குப் பிரசவம். ஒரு வாரம் முன்னாலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டர் என்று சொல்லி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. வெளியே பெஞ்சில் மாதையன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் டிபன் கொண்டுபோனேன், இரண்டு பேரும் தொடவில்லை. மதியம் மூன்று மணிக்கு நர்ஸ் வந்து, பொண்ணு பொறந்திருக்கு, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க என்றதும் மாதையன் அண்ணன் எழுந்து உள்ளே ஓடினார். இவர் பெஞ்சிலேயே உட்கார்ந்தபடி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இறுதிச் சடங்குக்கு வந்த மாதையன் அண்ணன் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு அவுரு விதின்னு சொல்லியிருந்தா நான் நம்பிட்டு வூட்டுக்குப் போயிருப்பேங்க. அவுரு அப்படிச் சொல்லல."

ஆகவே அக்கா, உங்கள் மேல் அவருக்குக் கோபம் இருந்ததே இல்லை. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர் முதல் வருடம் ஒரு பாடமும் புரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும், நீங்கள் கேன்டீனில் உட்கார வைத்து எலும்பு எலும்பாகத் தமிழில் சொல்லிக் கொடுத்ததும் எங்கள் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். "சுசித்ரா இல்லன்னா நான் அப்பவே திரும்பி வந்து தக்காளி பறிச்சிட்டு இருந்திருப்பேன்" என்பார். அவர் உங்களிடம் காரணம் சொல்லாமல் இருந்தது, சின்னம்மாளைச் சாக்காகச் சொல்ல அவருக்கு வாய் வராததால்தான். மேடையில் நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். நான் பதின்மூன்று வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன். நமக்குள் யார் யாரை மன்னிப்பது?

பக்கத்தை நீங்களே எழுதுங்கள். சின்னம்மாளின் பெயரை எழுதலாமா என்று மாதையன் அண்ணனிடமும் பூவிழியிடமும் கேட்டேன். எழுதச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. இங்கே எல்லாரும் வந்து அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். டாக்டர் அப்படி, டாக்டர் இப்படி என்று மரியாதையாகவே பேசுகிறார்கள். நானும் "அவர்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். "அவன்" என்று உரிமையோடு சொல்ல அவருடைய அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. உங்கள் செய்தியில் அந்த வார்த்தையைப் பார்த்தபோது, நேற்றுத்தான் யாரோ அவரை வாசலில் நின்று கூப்பிட்டது போல இருந்தது.

கால் சரியானதும் ஒருமுறை வாருங்கள் அக்கா. நாலு நாள் இங்கே தங்கி, அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
கோகிலவாணி வீரமணி