பதினான்காம் தேதித் தாள்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதைக் கீழே படித்துவிட்டு நீயே சொல்.

இதைத் தபாலில் போடாமல், எங்கள் அச்சகத்துக்குக் காகிதம் ஏற்றி வரும் லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் தினசரி காலண்டர் உன் அலுவலகத்துக்கும் வந்திருக்கும். ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இதே நாளில்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருமே, அதை என் தம்பிதான் எழுதுகிறான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய். இனிமேல் சொல்லாதே.

அந்த வரிகளுக்காக அரசாங்கம் ஒரு புத்தகம் தந்திருக்கிறது. இந்த நாளில் போர் முடிந்தது, இந்த நாளில் பாலம் திறந்தது என்று வருடம் முழுக்க இருக்கும். பார்த்து எழுதுவதுதான் என் வேலை. ஜூன் 14-க்கு மட்டும் ஒன்றுமே இல்லை. முதலாளியிடம் கேட்டேன். வெறுமையாக விட்டால் பார்க்க நன்றாக இருக்காது, எதையாவது போடு என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, அக்கா. “துறைமுக வாசலில் கூடி நின்ற தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்” என்று போட்டேன். பிழை பார்ப்பவர் எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தார். அச்சாகிவிட்டது.

இப்போது கட்டுக் கட்டாகப் போய் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பயம்தான் இருக்கிறது. அத்தான் இருந்திருந்தால் என் முதுகில் இரண்டு வைத்திருப்பார்.

உன் தம்பி

*

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்ட இந்தத் தாள் போதாது. பாப்பா இப்போது என்னைவிட உயரம். நீதான் இன்னும் வளரவில்லை.

உன் அத்தான் வீட்டிலேயே காய்ச்சலில் இறந்தார் என்று எழுதியிருந்த தாளில் நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உடலையே கொடுத்தார்கள். உனக்குத் தெரியாதா? நீதானே பக்கத்தில் நின்றாய். பாப்பாவுக்குக்கூட இன்றுவரை காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் அன்றைக்குக் காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேர்! எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு எப்படியோ பிழைத்துக்கிடக்கிறோம்.

உன் காலண்டரை அதிகாரி அறையில் ஆணியடித்து மாட்டியவளே நான்தான். தினமும் காலையில் மேஜை துடைத்து, தண்ணீர் வைத்து, தாள் கிழிப்பதும் நான்தான். அன்றைக்குச் சீக்கிரம் போய் பதின்மூன்று, பதினான்கு இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்துவிடுகிறேன். அவர் பதினைந்து என்று நினைத்துக்கொண்டு போகட்டும். ஆனால் ஊர் முழுக்க வீடு வீடாக ஏறிக் கிழிக்க எனக்கு எத்தனை கால் இருக்கிறது?

ஒழுங்காகச் சாப்பிடு. யாரோடும் வாய் கொடுக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

யாரோ ஒருவர் வீட்டில் குழந்தை விளையாட்டாகத் தாள்களைப் புரட்டியிருக்கிறது போல. நேற்று இரண்டு பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். சத்தமே போடவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த அரசாங்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காலண்டரைத் திரும்ப வாங்கப் போனால் ஊரே அந்தத் தாளைத் தேடிப் பார்க்கும், அப்படியே விடுங்கள் என்றார்கள். வரிகளை யார் எழுதுவது என்று கேட்டார்கள். முதலாளி, எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான் என்று சமாளித்தார். நான் மை டப்பாக்களுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

அவர்கள் போன பிறகு முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “நான் எதையும் பாக்கலை. நீயும் என்னைப் பாக்காத.”

சோறு இறங்கவில்லை. வாசலில் வண்டி நின்றாலே பின்கதவுப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அக்கா, யாராவது வந்து கேட்டால், எனக்கும் அவனுக்கும் பல வருடமாகப் பேச்சே இல்லை என்று சொல்லிவிடு. எனக்காக இதை மட்டும் செய்.

பாப்பாவை நன்றாகப் படிக்க வை.

உன் தம்பி

*

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் நானே எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி சீக்கிரமே போனேன். பதின்மூன்றைக் கிழித்தேன். கீழே உன் வரி. மனப்பாடமாகத் தெரிந்த வரிதான். ஆனாலும் அச்சில் பார்த்ததும் கை ஓடவில்லை. உன் அத்தான் அன்று சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாமல், வந்து தைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனது கண்ணுக்குள் வந்து நின்றது. அப்படியே நின்றுவிட்டேன். அதிகாரி வந்துவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என் உயிர் என்னிடம் இல்லை. போய் உட்கார்ந்து ஒரு கோப்பைப் பிரித்தார். மறுநாள் நான் கிழிக்கப் போனபோது, “அது இருக்கட்டும்மா,” என்றார்.

அங்கே மட்டுமில்லை, தம்பி. மருந்துக் கடையில் பதினான்கு. முடிதிருத்தும் கடையில் பதினான்கு. டீக்கடையிலும் அதேதான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரும் கிழிக்கவுமில்லை. எனக்கு இது சந்தோஷமா பயமா என்றே தெரியவில்லை. பயம்தான் அதிகம்.

பாப்பா கேட்டுவிட்டாள்: “அம்மா, அப்பா செத்தது இந்தத் தேதிதானே?” ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

லாரிக்காரரோடு உடனே புறப்பட்டு இங்கே வந்துவிடு. துணிமணிகூட எடுக்க வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

தேதி தவறில்லை. ஊரில் என்ன தேதியோ, நம் வீட்டுச் சுவரில் இன்னும் இதுதான்.

போன கடிதத்தை லாரிக்காரர் அப்படியே திருப்பிக் கொண்டு வந்துவிட்டார். உன் அறை பூட்டியிருக்கிறதாம். முதலாளியிடம் கேட்டதற்கு, அப்படி ஒருத்தர் இங்கே வேலை பார்த்ததே இல்லை என்றாராம். சொல்லும்போது கண் கலங்கியிருந்தாராம்.

இன்று காலை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஆணி மட்டும் இருந்தது, காலண்டர் இல்லை. மேஜையில் ஒரு தாளை வைத்து என் பக்கம் நகர்த்தினார். “ஒரு கையெழுத்துதாம்மா. எனக்கும் மேல ஆள் இருக்கு,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதில் உன் பெயர் இருந்தது. உனக்கும் காய்ச்சல் என்று எழுதியிருந்தது.

எனக்கும் உனக்கும் பேச்சே இல்லை என்று சொல்லச் சொன்னாயே, அது வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் இனி யாருக்கும் காய்ச்சல் வராது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் தபால்தலை வாங்கிக்கொண்டேன். 

இதை லாரிக்காரரிடம் கொடுக்கவில்லை. உன் முழுப் பெயரையும் அச்சக முகவரியையும் எழுதி, தபால்தலை ஒட்டி, தபாலில் போடுகிறேன். வழியில் பிரித்துப் படிக்கிறவர்கள் படித்துவிட்டு உன்னிடம் சேர்க்கட்டும்: நான் கையெழுத்துப் போடவில்லை.

உன் அக்கா