இடது பக்கத்து சீட்டு

சாவியைத் திருகுவதற்கு முன்பே சிரித்துவிடும் என் ஏகாம்பரம் மாமாவுக்கு,

உங்கள் வண்டி ஓடுகிறது மாமா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரியில் கிளம்பி வல்லக்கோட்டை முருகன் கோவில் வரைக்கும் போய் வந்தோம். வழியில் ஒரே ஒரு இடத்தில் நின்றது. அது வண்டியின் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் நமக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கம்பெனி பஸ் ஓட்டுநர். ஒரகடம் பக்கம் மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஆள் ஏற்றி இறக்குகிற வேலை. நாளெல்லாம் ஐம்பது பேரைச் சுமந்தவருக்கு இரண்டு பேர் வண்டி மேல் ஆசை வந்தது. ரேஸ் டிராக் பக்கத்தில் ஒரு ஷெட்டைக் காலி செய்தபோது, பழைய இரும்புக்குப் போகவிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, உங்கள் மனைவி, என் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினீர்கள்.

அக்கா வெளியே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ரெண்டு பேர் குந்தறதுக்கா இம்மாம் நீள மூஞ்சி?" என்றாள்.

"நம்ம வூட்ல ரெண்டு பேர்தான வசந்தா. நீயும் நானும்" என்றீர்கள்.

பிள்ளை இல்லாத வீடு. வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்குச் சமைத்திருக்க மாட்டாள். நீங்கள் சொன்னதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அதனால் இப்போது சொல்கிறேன்.

ஆனால் அந்த வண்டியில் அக்கா ஒருநாளும் உட்காரவில்லை. காரணம் பெட்ரோல் பம்ப். இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்த கிழட்டு பம்ப் அது. கொஞ்ச தூரம் போய்ச் சூடேறினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் இழுக்க இழுக்க வெறும் ஆவிதான் வரும். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அதற்குப் பிறகும் பேட்டரியில் தெம்பு இருக்காது, ஒருவர் தள்ளியாக வேண்டும்.

தள்ள ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான். இடது பக்கத்து சீட்டு எனக்கு வந்தது இப்படித்தான். அக்கா தண்ணீர் கேனை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொள்வாள். ஈரத்துணிகூட அவளுடைய பழைய காட்டன் புடவையைக் கிழித்ததுதான். வல்லக்கோட்டை ரோடு முழுவதையும் அந்தப் புடவை பார்த்துவிட்டது, அக்கா பார்க்கவில்லை.

"நடு ரோட்ல நின்னுட்சின்னா அவ இன்னா பண்ணுவா மச்சான், பாவம். பம்பும் பைப்பும் மாத்திட்டு ஜம்முனு இட்டுக்கினு போறேன் பாரு" என்பீர்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்?

ஒரகடம் கூட்டு ரோடு தாண்டியதும் அந்தக் கம்பெனியின் நீளமான காம்பவுண்டுச் சுவர் வருமே, வண்டிக்கு மூச்சு முட்டும் இடம் அதுதான். காலையில் அந்தச் சுவர் நல்ல நிழல் தரும். கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு நாம் பழகிப்போய், "இன்னா சார், வந்துட்டீங்களா" என்று ஸ்டூலை நகர்த்திப் போடுவார். நான் பேசிய முக்கால்வாசிப் பேச்சு அந்தச் சுவரடியில் உங்களோடு பேசியதுதான் மாமா. வீட்டில் நீங்கள் இவ்வளவு பேசியதே இல்லை.

நான் கார் கம்பெனியில், வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும் லைனில் நிற்பவன். நான் நிற்கிற இடத்தில் பெட்ரோல் குழாய் மாட்டுவதுதான் வேலை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் மச்சான் பெட்ரோல் லைன் ஸ்பெஷலிஸ்ட்" என்று அளந்துவிடுவீர்கள். உண்மையில் நான் செய்வது என்ன? 'டிக்' என்று சத்தம் வரும்வரை தள்ளு, இழுத்துப் பார், மறுபடி தள்ளு, மஞ்சள் பெயின்ட்டில் ஒரு புள்ளி வை, அடுத்த வண்டி. அந்த 'டிக்'குக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விளம்பரம் செய்தீர்கள்.

சென்னைக்குப் போய் எலக்ட்ரிக் பம்ப் ஒன்று வாங்கி வந்தீர்கள். டப்பாவைப் பிரிக்காமல் பரணில் வைத்தீர்கள். வர்ற ஞாயிறு மாட்டிடலாம் என்றீர்கள். அந்த ஞாயிறு எனக்கு ஓவர்டைம், ஓ.டி. அதற்கடுத்த ஞாயிறு உங்களுக்கு ஸ்பெஷல் டிரிப். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்றால் இந்தப் பக்கத்தில் யார் வேண்டாம் என்கிறார்கள்? நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பம்ப் பரணிலேயே இருந்தது.

அப்புறம் அந்தக் காய்ச்சல். காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனீர்கள். காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "டப்பா பத்திரமா கீதுல்ல மச்சான்?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உங்களுக்குப் பிறகு, பழைய வண்டிகளைச் சேர்க்கிற ஒருவர் சென்னையிலிருந்து வந்து பார்த்தார். இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்துவிடலாம் அக்கா என்றேன். வாசலில் அது நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா யோசித்துச் சொன்னாள்: "வித்துடலாம். ஆனா அதுல நான் ஒரு தபா குந்தணும்டா. கோவிலுக்குப் போய்ட்டு வந்து குட்த்துடலாம்."

சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பும்வரை கோவில் கிடையாது. திதி முடியட்டும் என்று காத்திருந்தோம். பிறகு வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் நசீர் பாயைக் கூட்டிவந்து, பரணில் இருந்த டப்பாவை இறக்கினேன்.

பழைய ரப்பர் குழாய் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே கருப்பாகக் கொழகொழவென்று இருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கிறார்களாம், அந்தக் காலத்து ரப்பர் அதற்குத் தாங்காதாம். போதாததற்கு இரும்புக் குழாய், சைலன்ஸர் பைப்பை உரசிக்கொண்டே போயிருந்தது. பெட்ரோல் கொதிக்காமல் என்ன செய்யும்? அதைக் கழற்றிவிட்டுச் சூடு படாத பக்கமாகப் புதுக் குழாய் கொண்டுபோனோம். டேங்க் பக்கத்தில் கீழே பம்ப்பை மாட்டினோம். இனி அது முன்னாலிருந்து இழுக்க வேண்டாம், பின்னாலிருந்து தள்ளினால் போதும்.

எங்கள் கம்பெனி வண்டியில் வருகிற மாதிரி பெரிய பம்ப்பாகப் போடலாமா என்று கேட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போடு. கார்பரேட்டர் ரொம்பி வழிஞ்சி வண்டியே எரியும். இதுக்கு மெதுவா குடுக்கணும்பா" என்றார். நல்லவேளை, நீங்கள் வாங்கி வைத்தது சரியான பம்ப்தான்.

என் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்து மஞ்சள் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். பாய் சிரித்தார். "இன்னாபா இது, வண்டிக்குப் பொட்டு வெக்கிறியா?" சொன்ன பிறகுதான், டீ டம்ளரோடு அக்கா பின்னால் நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வெக்கட்டும் பாய். நல்லாதான கீது" என்றாள் அக்கா.

சாவியைத் திருப்பியதும் பம்ப் டிக்டிக்டிக் என்று படபடத்து, பெட்ரோல் நிரம்ப நிரம்ப மெதுவாகி அடங்கியது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் மாமா. மொத்தமே இரண்டு ஞாயிறு வேலைதான். வெறும் இரண்டு ஞாயிறு. இதையா நாம் அவ்வளவு காலம் தள்ளிப்போட்டோம்?

போன வாரம் அக்கா ஏறினாள். காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தாள். கைப்பையில் ஈரத்துணி, மடியில் தண்ணீர் கேன். இனிமேல் அது வேண்டாம் அக்கா என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

கூட்டு ரோடு தாண்டியது. சுவர் வந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்குப் போனது. என் கால்தான் தானாகவே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டது.

"இங்கதான நிக்கும்?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"நிறுத்து."

சுவர் நிழலில் உட்கார்ந்தோம். செக்யூரிட்டி இப்போது வேறு ஆள், எங்களைத் தெரியவில்லை. அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க குந்திக்கினு இன்னாதான்டா பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"எல்லாந்தான்க்கா. ஒன்னப் பத்தியும் பேசுவாரு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நின்னா தள்றதுக்கு ஆள் வேணும்னுதான என்ன ஏத்தல? நெல்லு மூட்டையத் தூக்கி டிராக்டர்ல போட்டவடா நானு. நான் தள்ளியிருக்க மாட்டனா? ஓடுற வண்டி யாருக்கு வேணும்? நின்ன வண்டிலதான உங்க மாமா பேசிக்கினு இருந்துகிறாரு."

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா மாமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நின்றால் தள்ளுவாயா' என்று நாம் அவளைக் கேட்டிருக்கக் கூடாதா? பம்ப்பும் குழாயும் அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டோம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

எழுந்தோம். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தேன். அக்கா ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நிற்கிறாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றியிருக்கிறாள்.

"ஸ்டார்ட் பண்ணாத. கியர்ல போட்டு வெச்சிரு" என்றாள்.

சாவியை மட்டும் திருப்பி, கியரில் போட்டேன். கிளட்ச்சை மிதித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது மாமா. நான் தள்ளும்போது வருவதைவிட வேகமாக வந்தது. கிளட்ச்சை விட்டதும் ஒரு குலுங்கு குலுங்கி இஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து, இடது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கோவில் வரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அது வியர்வை மட்டும் இல்லை.

சென்னைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "அப்பால பாக்கலாம்" என்கிறாள் அக்கா. அவள் சொல்கிற வரைக்கும் வண்டி வாசலில்தான் நிற்கும். விற்பதோ வைத்துக்கொள்வதோ அவள் இஷ்டம்.

என் கையில் இருப்பது ஒன்றுதான், அதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். இந்த வண்டி நம் வீட்டில் இருக்கிறவரை, அந்தச் சுவரடியில் நிற்காமல் அதைத் தாண்டிப் போக மாட்டேன். அங்கே இஞ்சினை அணைத்துவிட்டு, நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக அக்காவிடம் சொல்வேன். சொல்லி முடித்ததும் அவள் இறங்கித் தள்ளட்டும்.

அந்த சீட்டில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த,
உங்கள் மச்சான்
குமரேசன்