அம்மாவின் இருபத்தாறு

குட்டிம்மாவுக்கு,

அம்மாவின் நினைவுப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். போன தடவை முப்பதுக்கு வாங்கிய இருபத்தாறு குறையாமல் இருந்தால் அல்சைமர் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையோடு கிடைத்த இடத்தில் சேர்வேன், குறைந்தால் வீட்டுக்கே வந்துவிடுவேன் என்றாய். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அம்மா அடுப்பை அணைத்தாளா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்கிறேன். மூன்றாவது முறை.

அந்த இருபத்தாறு அம்மாவுடையது அல்ல, என்னுடையது. காத்திருக்கும் அறையில் வைத்துக் கிழமை, தேதி, எத்தனையாவது மாடி எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நேற்றும் அப்படித்தான். மருத்துவர் வாயைத் திறப்பதற்குள், "நாற்காலி, எலுமிச்சை, ரயில். சரிதானே?" என்றாள். போன தடவை அவர் நினைவில் வைக்கச் சொன்ன வார்த்தைகள் அவை; நான்தான் மனப்பாடம் செய்யவைத்திருந்தேன்.

"சார், பரீட்சை உங்களுக்கில்ல," என்று மருத்துவர் என்னை வெளியே அனுப்பினார். மறுபடி கேட்டதில் பதினேழு.

எனக்கும் ஒருகாலத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. "நீ போயிட்டா அப்பாவ யார்டா பாக்குறது?" என்று கேட்ட உன் பெரியப்பா, அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் இருந்து உன் தாத்தாவைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாளாவது அவரிடம் முகம் கொடுத்துப் பேசினேனா என்றால், இல்லை.

பதினேழை மறைத்திருப்பேன். ஆனால் பொய்யை நம்பிப் போனால் பின்னால் உனக்கு என்மேல் வரும் ஆத்திரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

உண்மை தெரிந்தே அங்கே சேரக் கையெழுத்துப் போடு. இங்கே வராதே. என்னைப் போல ஒருவன் இந்த வீட்டுக்குப் போதும்.

அப்பா